பருத் தழும்புக்கு லேசர்: யாருடைய தோலுக்கு ஒத்துக்கொள்ளும்?

பதிவு 1 – பொருநைக்கரை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 27. பதினாறு வயதில் தொடங்கிய முகப்பரு ஏறக்குறையப் பத்தாண்டுகள் என்னை விடவில்லை. தோல் மருத்துவர் எழுதிக்கொடுத்த ஐசோட்ரெட்டினோயின் மாத்திரையை எட்டு மாதங்கள் சாப்பிட்ட பிறகுதான் அடங்கியது. அதை நிறுத்தி இரண்டு மாதங்கள் ஆகின்றன. பரு போய்விட்டாலும் அது விட்டுச்சென்ற குழிகள் போகவில்லை. இரு கன்னங்களிலும் அகலமான பள்ளங்கள் இருக்கின்றன. நெற்றியின் ஓரத்தில் ஊசியால் குத்தியது போல ஏழெட்டுச் சிறு துளைகள் உள்ளன. தாடை ஓரத்தில் பழுப்புக் கறைகளும் உண்டு. நேராகப் பார்க்கும்போது அவ்வளவாகத் தெரியாத என் கன்னம், பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கவாட்டில் வெயில் விழும்போது மேடும் பள்ளமுமாகத் தெரிகிறது. அதனாலேயே ஜன்னலோர இருக்கை காலியாக இருந்தாலும் நான் அங்கே உட்காருவதில்லை.

வருகிற தை மாதம் எனக்குத் திருமணம்; இன்னும் நான்கு மாதங்கள்தான் இருக்கின்றன. எங்கள் ஊரில் ஒரு சிகிச்சை நிலையத்துக்குப் போய் விசாரித்தேன். ஆறு சிட்டிங் லேசர் செய்தால் முகம் சமமாகிவிடும் என்றும், முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி உண்டு என்றும் சொன்னார்கள். என்னிடம் பேசியவர் மருத்துவர் அல்லர். ஆலோசகர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். என் கன்னத்தை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நான் மாநிறத்தைவிடச் சற்றுக் கறுப்பு. லேசர் செய்தால் முகம் இன்னும் கறுத்துவிடும் என்று அத்தை பயமுறுத்துகிறார். லேசர் என் தோலுக்கு ஒத்துக்கொள்ளுமா, திருமணத்துக்கு முன் செய்துகொள்ளலாமா என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதிவு 2 – தோலும் நலமும்

நான் பதினாறு ஆண்டுகளாகத் தோல் மருத்துவராகப் பணிபுரிகிறேன். நேரில் பார்க்காமல் உங்கள் முகத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று சொல்ல முடியும். பணம் கட்டுவதற்கு முன் அதுதான் தேவை.

நீங்கள் எழுதியதிலேயே மூன்று வேறு சிக்கல்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. முதலாவது, தாடை ஓரத்துப் பழுப்புக் கறை. அது தழும்பே அன்று. பரு ஆறியபோது தோலில் மிஞ்சிய நிறம். விரலால் தடவிப் பார்த்தால் அந்த இடம் சமமாகவே இருக்கும். வெயிலிலிருந்து காத்துக்கொண்டு, அசலாயிக் அமிலம் போன்ற களிம்பைப் பொறுமையாகப் பூசிவந்தால் மாதக்கணக்கில் மங்கும். இதற்குத் தோலைச் சுடும் லேசரைச் செய்தால் கறை குறைவதற்கு மாறாகக் கூடிவிட வாய்ப்பு உண்டு.

இரண்டாவது, நெற்றி ஓரத்துத் துளைகள். மேலே 2 மில்லிமீட்டருக்கும் குறைவான வாய், உள்ளே புனல் போல ஆழமாக இறங்கும் குழி. ஐஸ் உடைக்கும் ஊசியின் பெயரால் இவற்றை ஐஸ் பிக் தழும்பு என்கிறோம். பருக் குழிகளில் இவையே அதிகம். லேசரின் சூடு இவற்றின் அடிவரை முழுமையாகப் போய்ச் சேருவதில்லை என்பதால் லேசர் மட்டும் செய்துகொண்டவர்கள் பெரும்பாலும் ஏமாற்றமடைவது இந்தத் துளைகளில்தான். கூர்மையான மரக்குச்சியின் முனையில் அடர்த்தியான டிரைகுளோரோஅசெட்டிக் அமிலத்தைத் தொட்டு, துளைக்குள் மட்டும் படும்படி வைக்கும் முறை ஒன்று உண்டு. 2002-இல் கொரிய மருத்துவர்கள் வெளியிட்ட அந்த முறையை டிசிஏ கிராஸ் என்பார்கள். அமிலம் பட்ட இடம் சில நொடிகளில் உப்புப் பூத்தது போல வெளுக்கும். பிறகு பொருக்குக் கட்டி உதிரும். துளை கொஞ்சம் கொஞ்சமாக மேலேறும். பலமுறை செய்ய வேண்டியிருக்கும்.

மூன்றாவது, கன்னத்துப் பள்ளங்கள். இவற்றிலும் இரண்டு விதம் உண்டு. அம்மைத் தழும்பு போல ஓரம் செங்குத்தாக வெட்டிய குழி ஒன்று. அதை பாக்ஸ்கார் என்பார்கள். ஓரமே தெரியாமல் அலை அலையாகச் சரிந்து இறங்கும் ரோலிங் பள்ளம் மற்றொன்று. கண்ணாடி முன் நின்று, கன்னத்தை இரு விரல்களால் மெல்ல இழுத்துப் பாருங்கள். இழுத்ததும் மறையும் பள்ளங்கள் பெரும்பாலும் இரண்டாவது வகை. தோலின் அடியில் நார்கள் கீழ்நோக்கிப் பிடித்து இழுப்பதால் உண்டான பள்ளம் அது. அந்த நாரை அறுக்காமல் மேலே எத்தனை முறை லேசர் அடித்தாலும் கிடைக்கும் பலன் குறைவுதான். ஓரம் வெட்டிய, ஆழம் குறைந்த குழிகள்தாம் லேசருக்கு நன்றாக இணங்குபவை.

பருத் தழும்புக்கு அதிகம் பயன்படும் கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல். அதன் 10,600 நானோமீட்டர் ஒளியைத் தோலில் உள்ள நீர் உறிஞ்சிச் சூடாகி ஆவியாகிறது. தொடக்கத்தில் முகத்தின் மேல்தோலை முழுவதுமாகச் சீவி எடுக்கவே இதைப் பயன்படுத்தினார்கள். ஆற வாரக்கணக்காகும், நம் நிறத்தவருக்குக் கறுப்பும் வெளுப்பும் படிந்துவிடும். 2004-இல்தான் ஒளியை நுண்ணிய புள்ளிகளாகப் பிரித்து, புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையில் நல்ல தோலை விட்டுவைக்கும் ஃபிராக்ஷனல் முறை அறிமுகமானது. விட்டுவைத்த தோலிலிருந்து புதுத் தோல் விரைவாக வளர்ந்து மூடிவிடும். அடியில், தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜன் புதிதாக உருவாகும் வேலை அதன் பின் மாதக்கணக்கில் தொடரும்.

உங்கள் அத்தையின் பயம் வெறும் பயமன்று. இந்த லேசர் தோலின் நிறமியைத் தேடிப்போய்ச் சுடுவதில்லை. ஆனாலும் சூடு பட்ட இடத்தில் உண்டாகும் அழற்சி நிறமிச் செல்களைத் தூண்டிவிடுகிறது. நம் தோலுக்குக் கொசுக்கடிகூடக் கறுப்பாகத்தானே ஆறுகிறது? 1975-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஃபிட்ஸ்பாட்ரிக் வகுக்கத் தொடங்கிப் பின்னர் ஆறு வகைகளாக விரிந்த தோல் நிற அட்டவணையில் தமிழர்களில் பெரும்பாலோர் நான்காம், ஐந்தாம் வகையினர். இந்த வகையினருக்கு லேசர் கூடாது என்றில்லை. ஒரு சிட்டிங்கில் தோலில் எத்தனை விழுக்காட்டைச் சுடுகிறோம் என்ற அடர்த்தியைக் குறைத்து, இடைவெளி விட்டு, கூடுதல் சிட்டிங்குகளாகச் செய்ய வேண்டும். ஆகவே எந்த இயந்திரம் என்று கேட்பதைவிட, என் நிறத்துக்கு என்ன அடர்த்தி வைப்பீர்கள், முதலில் சிறிய இடத்தில் சோதித்துப் பார்ப்பீர்களா என்று கேளுங்கள். பதில் சொல்பவர் மருத்துவராக இருக்கட்டும்.

பதிவு 3 – மாங்கனி நகரத்தான்

மருத்துவர் ஐயா சொன்னதை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே படித்திருந்தால் எனக்கு எவ்வளவோ உதவியிருக்கும். நான் விற்பனைப் பிரதிநிதி. நாள்தோறும் இருசக்கர வண்டியில் குறைந்தது 80 கிலோமீட்டர் சுற்ற வேண்டிய வேலை. இதைச் சிகிச்சைக்கு முன் யாரும் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை. சித்திரை மாதத்தில் ஃபிராக்ஷனல் லேசர் செய்துகொண்டேன். ஐந்தாம் நாள் பொருக்கு உதிர்ந்ததும் தோல் வழவழப்பாக இருந்தது. மகிழ்ச்சியோடு மறுநாளே வேலைக்குக் கிளம்பிவிட்டேன். தலைக்கவசம் அணிந்திருந்தேன், ஆனால் அதன் முகப்புக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுத்தான் ஓட்டுவேன்.

மூன்றாவது வாரம் இரு கன்னங்களிலும் லேசர் முனை பதிந்த சதுரங்கள் அப்படியே பழுப்பாக எழுந்து நின்றன. கட்டம் போட்ட தாளைக் கன்னத்தில் ஒட்டியது போல இருந்தது. செய்துகொண்ட இடத்தில் போய்க் கேட்டபோது, அடுத்த சிட்டிங்கில் சரியாகிவிடும் என்றார்கள். நான் அதற்கு ஒப்புக்கொள்ளாமல் வேறு மருத்துவரிடம் போனேன். அவர் லேசரை நிறுத்திவைத்துவிட்டு, கறை குறைக்கும் களிம்பும் நிறம் கலந்த சன்ஸ்கிரீனும் கொடுத்தார். கறுப்பு முழுவதும் மறைய ஏழு மாதங்கள் ஆயின. குழிகளில் சிறிது முன்னேற்றம் உண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். வெட்டிய ஓரங்கள் மழுங்கியிருக்கின்றன. என் தவறு லேசர் செய்துகொண்டதில் இல்லை. வெயிலில் பிழைக்கிறவன் அதற்கேற்ற மாதத்தையும் விடுப்பையும் பார்க்காமல் செய்துகொண்டதுதான்.

பதிவு 4 – வழிப்போக்கன்

என் கருத்து வேறு. நம் நிறத்தவருக்கு இவ்வளவு அபாயம் இருக்கும்போது லேசர் எதற்கு? என் தங்கைக்கு மைக்ரோநீட்லிங் என்னும் நுண்ணூசி முறையில் நான்கு முறை செய்தார்கள். இரண்டு நாள் சிவப்பு, அவ்வளவுதான். கறுக்கவும் இல்லை, செலவும் பாதிக்குப் பாதி குறைவு. விலை உயர்ந்த இயந்திரத்தை வாங்கிவைத்தவர்கள் அதற்கு வேலை கொடுக்க வேண்டும் என்பதற்காகவே வருகிறவர்களுக்கெல்லாம் லேசரைப் பரிந்துரைக்கிறார்களோ என்ற ஐயம் எனக்கு உண்டு. மருத்துவர் மனம் கோணாமல் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

பதிவு 5 – தோலும் நலமும்

மனம் கோண இதில் ஒன்றுமில்லை. நீங்கள் சொல்வதில் பாதிக்குமேல் எனக்கும் உடன்பாடுதான். நுண்ணூசி மேல்தோலைச் சுடுவதில்லை. ஆகவே கறுக்கும் அபாயம் லேசரைவிடக் குறைவு. கருநிறத்தவருக்கும், வெயிலைத் தவிர்க்க முடியாத வேலையில் இருப்பவர்களுக்கும் நானும் பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகிறேன். ஊசி முனையிலிருந்து ரேடியோ அலைச் சூட்டைத் தோலின் அடியில் மட்டும் செலுத்தும் முறையும் இப்போது இருக்கிறது. அதிலும் மேல்தோல் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது.

ஆனால் லேசரே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஓரம் வெட்டிய குழிகள் கன்னம் முழுதும் இருப்பவருக்கு, அந்த ஓரத்தைச் சீவி மழுக்குவது கார்பன் டை ஆக்சைடு லேசருக்கோ எர்பியம் என்னும் மற்றொரு வகை லேசருக்கோ கைவருவது போல ஊசிக்குக் கைவருவதில்லை. அலைப் பள்ளம் உள்ளவருக்கு நான் முதலில் செய்வது இரண்டும் அன்று, சப்சிஷன். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, பள்ளத்தின் ஓரத்திலிருந்து முனை தட்டையான ஊசியைத் தோலுக்கு அடியில் கிடைமட்டமாக நுழைத்து, முன்னும் பின்னும் விசிறி போல அசைத்து நார்களை அறுப்போம். அறுபடும்போது நெறுநெறு என்று ஓர் ஓசை மருத்துவரின் விரலுக்கும் படுத்திருப்பவரின் காதுக்கும் கேட்கும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் பயந்துபோவார்கள். பிறகு ஒன்றிரண்டு வாரங்கள் கன்றிப்போன நீலம் இருக்கும். நார் அறுந்து தோல் மேலெழும்பிய பின் மேற்பரப்பைச் சீர்செய்ய லேசரோ நுண்ணூசியோ துணைக்கு வரலாம். ஒரே முகத்தில் மூன்று வகைக் குழிகள் இருக்கும்போது ஒரே கருவியில் ஆறு சிட்டிங் என்று விலை பேசுவதைத்தான் நான் ஏற்கவில்லை. அந்த வகையில் உங்கள் ஐயம் நியாயமானது.

பலனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் நல்லபடியாக நடந்தாலும் பள்ளங்கள் பாதியளவு குறைந்தால் அதை நல்ல பலன் என்று நாங்கள் கருதுகிறோம். குழியே இல்லாத முகம் கிடைக்கும் என்று யாராவது உறுதி கூறினால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பதிவு 6 – கோதை

என் மகனுக்கு வயது 16. பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். முகம் முழுதும் சீழ்ப் பருக்கள். சில இடங்களில் இப்போதே குழி விழுந்துவிட்டது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பு ஒன்றைப் பூசியபோது ஒரு வாரத்தில் அடங்கியது. நிறுத்தியதும் முன்னைவிட அதிகமாகக் கிளம்பிவிட்டது. பள்ளிக்குப் போகவே கூசுகிறான். புகைப்படம் எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். இப்போதே லேசர் செய்துவிட்டால் குழிகள் கூடாமல் தடுக்கலாமா?

பதிவு 7 – தோலும் நலமும்

அம்மா, இப்போது லேசர் வேண்டாம். பரு வந்துகொண்டிருக்கும் முகத்தில் தழும்புச் சிகிச்சை செய்வது, கூரை ஒழுகும்போதே சுவருக்கு வெள்ளையடிப்பது போன்றது. புதிய குழிகள் விழுந்துகொண்டே இருக்கும், கிருமித் தொற்றும் பரவலாம். அவனுக்கு இன்று வேண்டியது பருவை அடக்கும் மருத்துவம். தழும்பைத் தடுக்க அதைவிடச் சிறந்த வழி இல்லை. அதை நாள் கடத்தாமல் இந்த வாரமே தொடங்குங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, அங்கேயே காட்டலாம். நகத்தால் கிள்ளாமல் இருக்க அவனை அன்பாகப் பழக்குங்கள்.

கடையில் வாங்கிய அந்தக் களிம்பின் உறையைப் பாருங்கள். பெட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. பூசும்வரை அடக்கிவிட்டு, நிறுத்தினால் பருவைப் பெருக்குவது அதன் இயல்பு. நாள்பட்டால் தோலை மெலியச் செய்துவிடும். மருத்துவர் சீட்டு இல்லாமல் இத்தகைய களிம்புகளை விற்கக் கூடாது என்று 2018-இலேயே மத்திய அரசு விதியை இறுக்கியிருக்கிறது. ஆனாலும் கடைகளில் கேட்டால் கிடைக்கிறது. களிம்பையும் உறையோடு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். கூசுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள்; வயது போனால் சரியாகிவிடும் என்று அதை ஒதுக்காதீர்கள். மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.

லேசரைத் தள்ளிவைக்க வேண்டிய மற்றவர்களையும் இங்கேயே குறிப்பிட்டுவிடுகிறேன். காது குத்திய இடத்திலோ அம்மை ஊசி போட்ட இடத்திலோ கட்டியாகத் தடித்து வளரும் கீலாய்டு தன்மை உள்ளவர்கள், வெண்புள்ளி உள்ளவர்கள், லூபஸ் போல வெயில் பட்டால் மோசமாகும் நோய் உள்ளவர்கள், கருவுற்றிருப்பவர்கள் ஆகியோருக்கு இதை நாங்கள் தவிர்க்கிறோம். உதட்டில் அக்கி போன்ற ஹெர்பீஸ் கொப்புளம் அடிக்கடி வருபவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். வைரஸ் தடுப்பு மாத்திரை கொடுத்த பிறகே செய்வோம். மார்பிலும் தோளிலும் புடைத்து நிற்கும் பருத் தழும்புக்கு, குழிக்குச் செய்யும் லேசர் ஆகாது. தழும்புக்குள் டிரையாம்சினலோன் என்னும் ஸ்டீராய்டு ஊசியை மருத்துவர் போடுவதே அதற்கு வழக்கமான மருத்துவம்.

பதிவு 8 – வெண்தாழை

நான் ஒரு தோல் மருத்துவமனையின் லேசர் அறையில் செவிலியராக இருக்கிறேன். செய்துகொள்ளும் நாளில் என்ன நடக்கும் என்று தெரிந்தால் பலருக்குப் பதற்றம் குறையும் என்பதால் எழுதுகிறேன். முகத்தைக் கழுவிவிட்டு மரத்துப்போகும் களிம்பைத் தடிமனாகப் பூசி, 45 நிமிடங்கள் முதல் ஒரு மணி நேரம் வரை காத்திருக்கச் செய்வோம். களிம்பைத் துடைத்தெடுத்த பிறகு கண்களை முழுவதுமாக மூடும் கவசம் பொருத்துவோம். அறையில் இருக்கும் எல்லோரும் கண்ணாடி அணிவோம். ஒவ்வோர் அடிக்கும் சுரீர் என்று இருக்கும்; எலும்பு மேடான நெற்றியிலும் தாடையிலும் கூடுதலாக உறைக்கும். முடி கருகும் வாடை வரும். பலர் திடுக்கிடுவது வலியைவிட அந்த வாடைக்குத்தான். புகையை உறிஞ்சும் குழாயைப் பக்கத்திலேயே பிடித்திருப்போம்.

முடிந்ததும் சில மணி நேரம் மிளகாய் பட்டது போல எரியும். இரண்டு, மூன்று நாட்கள் சிவந்து வீங்கியிருக்கும். பிறகு பழுப்பான மணல் தூவியது போல நுண்ணிய பொருக்குகள் தோன்றி, ஏறத்தாழ ஒரு வாரத்தில் உதிரும். அவற்றை உரித்துவிடக் கூடாது. வாசலின் போன்ற களிம்பைப் பூசி ஈரமாக வைத்திருந்தால் தாமாகவே விழும். வீட்டில் பெரியவர்கள் அன்பினால் மஞ்சளும் கடலைமாவும் பூசிவிடுவார்கள், தயவுசெய்து வேண்டாம். பொருக்கு உதிர்ந்த பின் நன்றாகத்தான் இருக்கிறது என்று சன்ஸ்கிரீனை விட்டுவிடுகிறவர்கள்தாம் மறுமாதம் கறுப்போடு வருகிறார்கள். நண்பர் மாங்கனி நகரத்தான் எழுதியதைப் போல எத்தனையோ முகங்களைப் பார்த்துவிட்டேன்.

பதிவு 9 – பொருநைக்கரை

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் அந்த நிலையத்தில் பணம் கட்டவில்லை. பக்கத்து மாவட்டத்தில் வேறொரு தோல் மருத்துவரிடம் அம்மாவோடு போனேன். அவர் அறையின் விளக்கை அணைத்துவிட்டுக் கைவிளக்கைக் கன்னத்தின் பக்கவாட்டில் பிடித்து, ஒவ்வொரு பள்ளத்தையும் விரலால் இழுத்துப் பார்த்துப் பேனாவால் குறியிட்டார். பேருந்து ஜன்னலில் என்னைக் காட்டிக்கொடுத்த அதே பக்கவாட்டு வெளிச்சம்தான் என் தழும்பின் வகையைக் கண்டுபிடிக்கவும் உதவியது என்பதை நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. இடக் கன்னத்தில் பதினொன்று, வலக் கன்னத்தில் எட்டு. பெரும்பாலானவை இழுத்தால் மறையும் பள்ளங்கள். அவற்றுக்குச் சப்சிஷன்தான் முதலில் என்றார். ஓரம் வெட்டிய குழிகள் நான்கைந்துதான்.

ஐசோட்ரெட்டினோயின் மாத்திரையை நிறுத்தி ஆறு மாதங்கள் ஆன பிறகே லேசர் செய்ய வேண்டும் என்று ஓரிடத்திலும், அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை என்று மற்றோரிடத்திலும் சொன்னார்கள். இதைப் பற்றி மட்டும் மருத்துவர் ஐயா தெளிவுபடுத்த வேண்டும். திருமணத்துக்கு முன் எதைச் செய்யலாம், எதைத் தள்ளிவைக்கலாம் என்பதும் எனக்குத் தெரிய வேண்டும். நலங்கு வைக்கும்போது முகத்தில் மஞ்சள் பூசுவார்களே, அதற்கும் இதற்கும் இடைவெளி வேண்டுமா?

பதிவு 10 – தோலும் நலமும்

கவனமாகப் பார்க்கும் மருத்துவரிடம்தான் போயிருக்கிறீர்கள். ஐசோட்ரெட்டினோயின் நிறுத்தி ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது, மேல்தோலை முழுதாகச் சீவிய காலத்தில் தழும்பு தடித்துப்போன சில நிகழ்வுகளை வைத்து ஏற்பட்ட விதி. 2017-இல் அமெரிக்கத் தோல் வல்லுநர்கள் கிடைத்த சான்றுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து, ஃபிராக்ஷனல் லேசருக்கு அவ்வளவு காத்திருப்பு தேவை என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றும், முழுதாகச் சீவும் லேசருக்கும் இயந்திரத்தால் தோலைத் தேய்க்கும் முறைக்கும் மட்டும் காத்திருப்பது நல்லது என்றும் முடிவுசெய்தார்கள். ஆகவே இரண்டு இடங்களிலும் உங்களுக்குச் சொன்னது பொய்யன்று. ஒருவர் பழைய விதியைப் பின்பற்றுகிறார், மற்றவர் புதியதை. மாத்திரை நின்று இன்னும் மூன்று மாதம்கூட ஆகவில்லை. பரு திரும்பி வருமா என்று தெரிந்துகொள்ளவும் சிறிது காலம் வேண்டும் என்பதால் நானாக இருந்தால் உங்கள் லேசரைத் தள்ளித்தான் வைப்பேன்.

நாளும் அதற்கு இடம் கொடுக்கவில்லை. லேசரின் கொலாஜன் பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும். கறுப்பு வந்துவிட்டால் அது மறையவும் ஏறக்குறைய அத்தனை காலம் ஆகும். பலன் வருவதற்குள் திருமணம் வந்துவிடும். கறுப்பு வந்தால் திருமண நாளில் அது முகத்தில் இருக்கும். சப்சிஷனை இந்த மாதமே ஒருமுறை செய்துகொண்டால் கன்றல் மறைந்து, தைக்குள் தோல் ஓரளவு எழும்பியிருக்க வாய்ப்பு உண்டு. அதன் காயம் முழுதாக ஆறியிருக்கும் என்பதால் நலங்குக்குத் தடை இராது. துளைகளுக்கான அமிலத்தைத் திருமணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். திருமணமான பின் குழந்தைக்குத் திட்டமிடும்போது உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். களிம்புகளில் சிலவற்றை மாற்ற வேண்டியிருக்கும்.

பதிவு 11 – பொருநைக்கரை

மிக்க நன்றி ஐயா. என்னைப் பார்த்த மருத்துவரும் ஏறத்தாழ இதையே சொன்னார். வருகிற சனிக்கிழமை சப்சிஷனுக்கு நாள் குறித்திருக்கிறேன். அந்த நெறுநெறு ஓசையைப் பற்றி அம்மாவிடமும் முன்பே சொல்லிவைத்துவிட்டேன். லேசரைப் பங்குனிக்கும் சித்திரைக்கும் நடுவில் வைக்காமல், மழைக்காலம் வந்த பிறகு காதுக்கு முன்னால் ஒரு சிறு இடத்தில் மட்டும் சோதித்துப் பார்த்து, ஆறு வாரம் கறுக்கவில்லை என்றால் கன்னத்துக்குப் போகலாம் என்று பேசியிருக்கிறோம். சப்சிஷன் முடிந்ததும் கன்றல் எத்தனை நாள் இருந்தது என்பதை இந்த இழையிலேயே எழுதுகிறேன். என்னைப் போல நாள் குறித்துவிட்டுத் தவிப்பவர்களுக்கு அது பயன்படும்.